முதல் இசை மென்பொருள் போதவில்லையா? மாறும் முன் பார்க்க வேண்டியவை

கராஜ்பேண்டிலோ எஃப்எல் ஸ்டூடியோவின் அடிப்படைப் பதிப்பிலோ ஓரிரு வருடம் பாட்டுப் போட்டுப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அடுத்து எதை வாங்கலாம்?" எங்கள் பதில் இன்னொரு கேள்வி: இப்போது வைத்திருப்பதில் எந்த வேலை நடக்கவில்லை? "சவுண்ட் ப்ரொஃபஷனலாக இல்லை" என்று மட்டும் சொன்னால் மாற வேண்டாம் என்போம். "மூன்று கோரஸ் ட்ராக்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் எஃபெக்ட்) போட முடியவில்லை" என்றால் மாறலாம். தடை எது என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும். தெரியாமல் மாறினால் பணமும் ஆறு மாதப் பழக்கமும் போய், அதே மங்கலான மிக்ஸ் புதிய திரையில் ஒலிக்கும்.

மென்பொருள் மேல் விழும் பழியில் பாதி அதனுடையது அல்ல. பாடும்போது ஹெட்ஃபோனில் சொந்தக் குரல் தாமதமாகக் கேட்கிறதா? முதலில் பஃபர் அளவைப் பாருங்கள் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு). 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 2.9 மில்லி விநாடி. 1024 என்றால் சுமார் 23 மில்லி விநாடி. இது ஒரு பக்கக் கணக்கு. மைக்கிலிருந்து உள்ளே போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) சொந்தத் தாமதம் அதற்கு மேல். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ டிரைவரைப் போடாமல் விண்டோஸின் பொது டிரைவரில் ஓட்டினால் எந்த மென்பொருளிலும் இந்தத் தொல்லை தீருவது கடினம். பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 1024 என்று மாற்றி வைப்பதே பலருக்குப் போதும்.

இருபது ட்ராக் தாண்டியதும் பாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது என்பது இரண்டாவது புகார். இது கணினியின் திறன் சார்ந்தது. முடிந்துபோன சிந்த் (மென்பொருளே ஒலி உருவாக்கும் வாத்தியம்) ட்ராக்குகளை ஆடியோவாக மாற்றிவிட்டு, மூல ட்ராக்கை அணைத்து வையுங்கள். பாஸ் ஒரு அறையில் அதிகமாகவும் காரில் குறைவாகவும் கேட்பது அறையின் கோளாறு. அதற்குச் செலவிட வேண்டியது மென்பொருளில் அல்ல.

இனி உண்மையான தடைகள். மேக் கராஜ்பேண்டில் பஸ், அதாவது பல ட்ராக்குகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் பாதை, கிடையாது. எல்லா ட்ராக்குக்கும் பொதுவாக இருப்பது ஒரு எக்கோ, ஒரு ரீவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற எஃபெக்ட்) மட்டுமே. குரல்களுக்கு ஒரு சின்ன அறை, வயலினுக்கு ஒரு பெரிய மண்டபம் என்று பிரித்து அனுப்ப வழியில்லை. ப்ராஜெக்ட் 44.1 கிலோஹெர்ட்ஸில்தான் ஓடும். குறும்படத்துக்கு இசை போடுகிறவர்களுக்கு இது தலைவலி, ஏனென்றால் வீடியோ வேலை 48 கிலோஹெர்ட்ஸில் நடக்கிறது. 44.1-இல் எடுத்த கோப்பை மாற்றாமல் 48 என்று நினைத்து ஓட்டினால் பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாகி, சுருதி ஒன்றரை அரைஸ்வரம் ஏறிவிடும். எடிட்டர் "பாட்டு வசனத்தோடு சேரவில்லை" என்று சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தாளம் நமக்கு இன்னும் முக்கியமான விஷயம். ஐஃபோன் கராஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மட்டுமே உண்டு. மிஸ்ர சாப்பில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) ஒரு பாட்டு போட வேண்டுமானால் கிளிக் தப்பாகவே தட்டும். மேக் பதிப்பில் 7/8 வைக்கலாம், ஆனால் பாட்டு முழுக்க ஒரே கணக்குத்தான். பல்லவி ஆதி தாளத்திலும் சரணம் மிஸ்ர சாப்பிலும் போகும் பாட்டை அதில் கட்டினால் சரணம் தொடங்கும் இடத்திலிருந்து பார் எண்கள் எதுவும் பொருந்தாது. லூப் ஒட்டாது, க்வான்டைஸ் (ஸ்வரங்களைத் தாளக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் வசதி) கண்ட இடத்தில் இழுக்கும். ரீப்பர் என்ற மென்பொருளில் அந்த இடத்தில் கர்சரை வைத்து ஷிஃப்ட்டும் சி-யும் சேர்த்து அழுத்தி 7/8 என்று கொடுத்தால் அங்கிருந்து கிரிட் மாறிவிடும். ஆப்பிளின் லாஜிக்கில் மேலே உள்ள சிக்னேச்சர் ட்ராக்கில் செய்யலாம். இந்த ஒரு தேவைக்காக மாறுவதே நியாயமான மாற்றம்தான்.

கமகத்துக்காக மாறப்போகிறேன் என்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். ஒற்றை மெலடி என்றால் எந்த மென்பொருளிலும் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கோடு) வரைந்து சமாளிக்க முடியும். பெரும்பாலான சிந்த்களில் பெண்ட் எல்லை இரு பக்கமும் இரண்டு அரைஸ்வரம்தான். கமகம் அதற்கு மேல் போனால் உடைந்து கேட்கும். சிந்த்தில் அதை 12 ஆக்கிவிட்டு வரையுங்கள். ஒரே சேனலில் தம்புராவும் மெலடியும் இருந்தால் பெண்ட் இரண்டையும் சேர்த்து வளைக்கும், ஆகவே தம்புராவைத் தனி ட்ராக்கில் வையுங்கள். ஒரே சமயத்தில் ஒலிக்கும் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தனித்தனியாக வளைக்க வேண்டும் என்றால்தான் எம்பிஇ (ஸ்வரத்துக்குத் தனித்தனிக் கட்டுப்பாடு தரும் மிடி முறை) ஆதரவு தேவைப்படும். அது லாஜிக், க்யூபேஸ், பிட்விக் ஆகியவற்றிலும் ஏபிள்டன் லைவின் 11-ஆம் பதிப்பிலிருந்தும் இருக்கிறது. ஸ்வரஸ்தானங்களையே சமப்பகிர்விலிருந்து விலக்கி அமைக்க நினைப்பவர்களுக்கு லைவ் 12 ஸ்கேலா கோப்புகளை (ஸ்வர இடைவெளிகளை எழுதி வைக்கும் கோப்பு வகை) நேரடியாக ஏற்கும். பணம் செலவழிக்காமல் முயன்று பார்க்க சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்த்திலும் அந்த வசதி உண்டு.

சில சமயம் மாற வேண்டியது மென்பொருளே அல்ல, பதிப்புதான். எஃப்எல் ஸ்டூடியோவின் ஃப்ரூட்டி எடிஷனில் குரலை ப்ளேலிஸ்ட்டில் நேரடியாகப் பதிய முடியாது. ப்ரொட்யூசர் எடிஷனில் முடியும். பீட் அடிக்கக் கை பழகிவிட்டது, குரல் மட்டும்தான் பிரச்சினை என்றால் வித்தியாசத் தொகையைக் கட்டி மேல் பதிப்புக்குப் போங்கள். புதிய பதிப்புகள் வாழ்நாள் முழுக்க இலவசம் என்பதும் அதில் உள்ள லாபம். எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வழி இல்லை. அதன் 1.2 பதிப்பில் மைக் பதிவே கிடையாது.

எதற்கு எது? மேக் வைத்திருப்பவர், கராஜ்பேண்டில் பத்து இருபது பாட்டு முடிக்காமல் வைத்திருப்பவர் என்றால் எங்கள் பரிந்துரை தயக்கமில்லாமல் லாஜிக். கராஜ்பேண்ட் ப்ராஜெக்ட் அப்படியே திறக்கும், வாத்தியங்களும் எஃபெக்ட்களும் கூடவே வரும். வாங்கும் முன் இலவசச் சோதனைக் காலம் உண்டா என்று பாருங்கள். விண்டோஸில் குரலும் வாத்தியமும் நேரடியாகப் பதிகிறவர்களுக்கு ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், தனி நபருக்கான சலுகை உரிமம் 60 டாலர். அதில் வாத்திய ஒலிகள் பெரிதாக ஒன்றும் வராது, அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டவர்கள் முதல் நாளே "வெறுமையாக இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டீசன்ட் சாம்ப்ளர் என்ற வாத்திய மென்பொருள்கள் மூன்றையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் குறை தெரியாது. மேடையில் லூப் வைத்து வாசிப்பவர்களுக்கு ஏபிள்டன் லைவ். படத்துக்கு இசையமைக்கும் திசையில் போகிறவர்கள் க்யூபேஸைப் பார்க்கலாம். ப்ரோ டூல்ஸ் சினிமா மிக்ஸிங் கூடங்களில் வேலைக்குச் சேர நினைப்பவர்களுக்கு அவசியம், வீட்டில் பாட்டு போடுபவருக்கு அவசியம் இல்லை.

வாங்கும் முன் ப்ளக்-இன் (இசை மென்பொருளுக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் துணை வாத்தியமும் எஃபெக்ட்டும்) வகையைப் பாருங்கள். லாஜிக் ஏயூ வகையை மட்டும் ஏற்கும். ப்ரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் மட்டும். விஎஸ்டி மட்டும் தரும் ப்ளக்-இன்களைச் சேர்த்து வைத்திருந்தால் இந்த இரண்டிலும் அவை தலைகாட்டாது.

க்ராக் செய்த பிரதிகளைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறோம். 2019 ஜூனில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் லவுட்மைனர் என்ற தீநிரலைப் பற்றி எழுதியது. திருட்டுத்தனமாகப் பரப்பப்பட்ட விஎஸ்டி ப்ளக்-இன்களுக்கும் இசை மென்பொருள்களுக்கும் உள்ளே ஒரு மெய்நிகர் கணினியையே (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) பொதித்து, பயனரின் கணினியில் மோனெரோ என்ற மின்நாணயம் தோண்ட வைத்திருந்தார்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் இது நடந்தது. இசை மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: இசை செய்பவர்களின் கணினி வலுவானது, மிக்ஸிங்கில் ப்ராசசர் சூடேறுவதும் சகஜம், அதனால் சந்தேகம் வராது. காரணம் புரியாமல் கணினி எந்நேரமும் மின்விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறதென்றால், ப்ளக்-இன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அறுபது டாலரில் முழு மென்பொருள் கிடைக்கும்போது இந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை.

அதிகம் கெட்டுப்போகும் இடம் பழைய பாட்டுகளை இடம் மாற்றுவது. லாஜிக் போல நேரடியாகத் திறக்கும் வழி இல்லாதவர்கள் ஒவ்வொரு ட்ராக்கையும் தனி வேவ் கோப்பாக, அதாவது ஸ்டெம்களாக எடுக்க வேண்டும். மேக் கராஜ்பேண்டில் செய்யும் முறை இது. முதலில் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் ஆட்டோ நார்மலைஸை அணையுங்கள். இதை மறந்தால் ஒவ்வொரு ஸ்டெமும் முழுச் சத்தத்துக்கு ஏற்றப்பட்டு வெளிவரும். மெல்லிய சலங்கையும் கிக் ட்ரம்மும் ஒரே அளவில் நிற்கும், நீங்கள் அமைத்த சமநிலை போய்விடும். அடுத்து மாஸ்டர் ட்ராக்கில் உள்ள கம்ப்ரசர், லிமிட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு சைக்கிள் பகுதியை (பாட்டின் ஒரு பகுதியைக் குறிக்கும் மேல் பட்டை) முதல் பாரிலிருந்து பாட்டு முடிந்து நாலு பார் வரைக்கும் இழுத்து வையுங்கள், ரீவெர்ப்பின் வால் வெட்டுப்படாது, எல்லா ஸ்டெமும் ஒரே நீளத்தில் வரும். இனி ஒவ்வொரு ட்ராக்காக சோலோ போட்டு, ஷேர் மெனுவில் எக்ஸ்போர்ட் சாங் டு டிஸ்க் கொடுத்து, வேவ், 24 பிட் என்று தேர்ந்தெடுத்து, சைக்கிள் பகுதியை மட்டும் எடுக்கும்படி டிக் செய்யுங்கள். குரல், லீட் வாத்தியம் இரண்டையும் எஃபெக்ட்டோடு ஒரு தடவை, எஃபெக்ட் இல்லாமல் ஒரு தடவை எடுத்து வைப்பது நல்லது. எம்பி3-இல் எடுக்கவே கூடாது. அந்த வகைக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு சின்ன மௌனம் ஒட்டிக்கொள்ளும், ட்ராக்குகள் ஒன்றோடொன்று விலகும்.

எஃப்எல் ஸ்டூடியோவில் இது சுலபம். எக்ஸ்போர்ட்டில் வேவ் கொடுத்து, ஸ்ப்ளிட் மிக்ஸர் ட்ராக்ஸைத் தேர்ந்தெடுத்தால் மிக்ஸரின் ஒவ்வொரு வரிசையும் தனிக் கோப்பாகும். டெயில் என்ற இடத்தில் லீவ் ரிமெய்ண்டர் வையுங்கள். ஆனால் மிடி (ஒலி அல்லாமல் ஸ்வரக் குறிப்புகள் மட்டும் கொண்ட கோப்பு) எடுக்கும்போது கவனம்: டூல்ஸில் மேக்ரோஸுக்குள் உள்ள ப்ரிப்பேர் ஃபார் மிடி எக்ஸ்போர்ட், உங்கள் வாத்தியங்களையெல்லாம் மிடி அவுட்டாக மாற்றிவிடும். ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு அந்தப் பிரதியில்தான் இதைச் செய்ய வேண்டும். அப்படியே சேமித்துவிட்டால் மூல ஒலிகள் போய்விடும்.

புதிய மென்பொருளில் ஸ்டெம்களைப் போடும் முன்பே டெம்போவையும் சாம்பிள் ரேட்டையும் பழையபடி அமையுங்கள். ஏபிள்டன் லைவில் ஆட்டோ வார்ப் லாங் சாம்பிள்ஸை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது தானாக டெம்போவை ஊகித்து ஆடியோவை இழுக்கும். எல்லாம் வந்தபின் ஒரு சோதனை: மாஸ்டர் எஃபெக்ட் இல்லாமல் எடுத்த பழைய மிக்ஸை இன்னொரு ட்ராக்கில் போட்டு அதன் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல், கீழ்ப் பக்கம்) திருப்புங்கள். ஸ்டெம்களும் அதுவும் சேர்ந்து ஒலிக்கும்போது கிட்டத்தட்ட மௌனம் வந்தால் மாற்றம் சுத்தம். ஒரு வாத்தியம் மட்டும் தெளிவாகக் கேட்டால் அந்த ஸ்டெம்தான் தவறு. கோரஸ் எஃபெக்ட்டும் சில ரீவெர்ப்களும் ஒவ்வொரு தடவையும் சற்று மாறி ஒலிப்பவை, அவற்றின் மிச்சம் மெலிதாகக் கேட்டால் பரவாயில்லை. நடுவில் உள்ள மோனோ ட்ராக்குகள் எல்லாம் ஒரே அளவில் கூடியோ குறைந்தோ நின்றால் அது பான் லா (நடுவில் உள்ள ஒலியின் அளவை மென்பொருள் கணக்கிடும் விதி) வித்தியாசம். மென்பொருளுக்கு மென்பொருள் இது 0-விலிருந்து 6 டெசிபல் வரை மாறும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் பழையதற்கு இணையாக வைத்தால் சரியாகும்.

பிட்விக், ப்ரிசோனஸ் நிறுவனங்கள் 2023-இல் கொண்டுவந்த டாப்ராஜெக்ட் என்ற திறந்த கோப்பு வகையை ஆதரிக்கும் இரண்டு மென்பொருள்களுக்கு இடையே என்றால் இவ்வளவு பாடு இல்லை. ட்ராக், மிடி, ஆட்டோமேஷன் எல்லாம் ஒரே கோப்பில் போகும். கராஜ்பேண்டிலிருந்தோ எஃப்எல்லிலிருந்தோ கிளம்புபவர்கள் ஸ்டெம்களை நம்புவதே இப்போதைக்குச் சரி. எல்லாப் பாட்டையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். முடிந்த பாட்டுகள் பழைய மென்பொருளிலேயே இருக்கட்டும், அதை அழித்துவிடாதீர்கள். பாதியில் நிற்கும் ஒன்றை மட்டும் எடுத்து, மேலே சொன்ன சோதனை வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். சோதனைக் காலம் முடிவதற்குள் அதை மிக்ஸ் வரை முடிக்க முடிந்ததென்றால் உரிமத்துக்குப் பணம் கட்டலாம்.