ஏழா, ஒன்பதா? தீனாரின் நான்கு பற்கள்

இஸ்லாமியப் பேரரசை ஆண்ட உமையா மரபினர் காலத்துத் தீனாரை, அதாவது தங்கக் காசை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர், பெரும்பாலும் பல் எண்ணிக்கொண்டிருப்பார். எழுத்தின் பல்லைத்தான் சொல்கிறேன்.

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-697) கலீஃபா அப்துல் மலிக், உருவமே இல்லாமல் எழுத்து மட்டும் கொண்ட தங்கக் காசை அடிக்கத் தொடங்கினார். எடை சுமார் 4.25 கிராம், அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. உமையாக்களின் ஆட்சி முடியும்வரை அந்த வாசகம் பெரிதாக மாறவில்லை. கலீஃபாவின் பெயரும் கிடையாது. ஆகவே காசு யார் காலத்தது என்பதற்கு முக்கியச் சாட்சி, ஓரத்தில் வட்டமாக ஓடும் ஆண்டுதான். அதுவும் எண்ணால் அல்ல, சொல்லால்: ‘ஸப்உ வ ஸப்ஈன்’, அதாவது ஏழும் எழுபதும்.

சிக்கல் இங்கேதான். கூஃபி என்ற பழைய அரபி எழுத்துவடிவில் காசு வெட்டியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. புள்ளியில்லாத ஓலைச்சுவடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். அரபியில் ‘ஸீன்’ எழுத்துக்குச் சீப்பு போல மூன்று பல். ‘பா’வுக்கும் ‘தா’வுக்கும் ஒவ்வொரு பல், கீழே ஒரு புள்ளி என்றால் பா, மேலே இரண்டு என்றால் தா. புள்ளியை எடுத்துவிட்டால்? ஏழுக்கான ‘ஸப்உ’ மூன்று பல், அப்புறம் ஒன்று. ஒன்பதுக்கான ‘திஸ்உ’ ஒரு பல், அப்புறம் மூன்று. மொத்தம் நான்குதான், முடிவில் அதே ‘ஐன்’ எழுத்து. எழுபது, தொண்ணூறுக்கும் இதே கதி. 77, 79, 97, 99 நான்கும் சகோதரர்கள் மாதிரி நிற்கும்.

வெட்டியவர் அந்தத் தனிப்பல்லைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் பிழைத்தோம். வலமிருந்து எண்ணும்போது உயர்ந்த பல் முதலாவது என்றால் ஒன்பது, நான்காவது என்றால் ஏழு. தேய்ந்த காசில் அந்த உயரம் மயிரிழைதான்; ஆனால் முதல் ஆண்டான 77க்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் மதிப்பு அந்த மயிரிழையில்தான் தொங்குகிறது. அச்சுகள் கையால் வெட்டப்பட்டவை, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதனால் அதே அச்சில் விழுந்த, தேயாத வேறொரு காசு கிடைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த காசு இங்கிலாந்தைச் சேர்ந்தது. அங்கிருந்த பழைய அரசுகளில் ஒன்றான மெர்சியாவின் அரசர் ஆஃபா, உமையாக்களுக்குப் பின் வந்த அப்பாஸிய மரபினரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனார் ஒன்றைப் பார்த்து அப்படியே அடிக்கச் செய்தார். ஆண்டு உட்பட அரபி வாசகம் முழுக்க அதில் இருக்கிறது. நடுவில் ‘ஆஃபா ரெக்ஸ்’ என்று லத்தீனில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அரபியை நேராகப் பிடித்தால் அந்தப் பெயர் தலைகீழாக நிற்கும்.