'செவ்வியல்' படமா, நிலைபெற்ற படமா?

டிசம்பர் பிறந்தால் அமெரிக்கத் திரைப்படங்களைப் பற்றிய தமிழாக்கக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. 'கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய செவ்வியல் கிறிஸ்துமஸ் படங்கள் இல்லை' என்ற வாக்கியத்தை அவற்றில் மீண்டும் மீண்டும் படித்துச் சலித்துவிட்டது. குறை உண்மையானது, அதைச் சொல்லவந்த சொல்தான் தவறு. தலைமுறை தாண்டியும் விரும்பிப் பார்க்கப்படும் படத்தை ஆங்கிலத்தில் 'கிளாசிக்' (classic) என்பார்கள்; அதைத்தான் இங்கே 'செவ்வியல்' என்று பெயர்த்திருக்கிறார்கள்.

'கிளாசிக்' என்பதன் மூலம் இலத்தீன் 'கிளாசிகஸ்'. பண்டைய உரோமையில் சொத்தின்படி குடிமக்களை வகுத்தபோது முதல் வகுப்பினரைக் குறித்த சொல் அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் என்ற உரோமை எழுத்தாளர் அதைச் சிறந்த எழுத்தாளருக்கு ஏற்றிச் சொன்னார். எதிர்ச்சொல்லாக அவர் வைத்தது சொத்தில்லாத கடைநிலையினரின் பெயரான 'புரோலெட்டாரியுஸ்'. இலக்கியத்துக்கு வருமுன்பே யார் மேலே, யார் கீழே என்று வரிசை பார்த்த சொல் இது.

ஆங்கிலத்தில் இதிலிருந்து 'கிளாசிக்கல்', 'கிளாசிக்' என இரண்டு பெயரடைகள் கிளைத்தன. செம்மையை அடியாகக் கொண்ட 'செவ்வியல்' முதலாவதற்குச் சாலப் பொருந்தும். செவ்வியல் இசை, செவ்வியல் இலக்கியம் என்பவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1990இல் வந்த 'ஹோம் அலோன்' என்ற கிறிஸ்துமஸ் படத்தையும் செவ்வியல் என்று எழுதினால், ஸ்டூடியோக்கள் கோலோச்சிய பழைய ஹாலிவுட்டைத் திரைப்பட ஆய்வாளர்கள் 'செவ்வியல் ஹாலிவுட்' என்று குறிக்கும்போது வாசகர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடையே பெருகிவிட்டது. சுவரொட்டிக்காரர்களின் 'காவியம்' இன்னும் மோசம். ஓடாத படத்துக்கும் அதைச் சூட்டிச் சூட்டிச் சொல்லே தேய்ந்துவிட்டது.

குழப்பத்தைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. 'செவ்வியல்' படைப்பின் தரத்தைப் பேசும் சொல். ஆகவே மேற்படி வாக்கியத்தைப் படிப்பவர், கறுப்பினக் கலைஞர்கள் செம்மையான கிறிஸ்துமஸ் படம் எதையும் எடுக்கவில்லை என்றே எண்ணுவார். 1996இல் டென்சல் வாஷிங்டனும் விட்னி ஹூஸ்டனும் நடித்த 'தி பிரீச்சர்ஸ் வைஃப்', 2007இல் 'திஸ் கிறிஸ்துமஸ்', 2020இல் 'ஜிங்கிள் ஜாங்கிள்' எனப் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆண்டுதோறும் வீட்டார் கூடி அமர்ந்து பார்க்கும் பட்டியலில் அவற்றுக்கு உறுதியான இடம் அமையவில்லை என்பதே குறை.

அந்த இடம் தரத்தால் மட்டும் கிடைப்பதன்று. 1946இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' அன்று நட்டமடைந்த படம். 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் தொலைக்காட்சி நிலையங்கள் மலிவாகக் கிடைத்ததென்று ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின; பார்த்துப் பழகிய தலைமுறை அதைத் தன் பிள்ளைகளுக்கும் காட்டியது. இப்பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் படங்கள் பல 1940களில் எடுக்கப்பட்டவை. அக்காலத்து 'ஹாலிடே இன்' (1942) படத்தில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்தது வீட்டுப் பணிப்பெண் வேடம். நாயகனோ முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு பாடினான். முன்வரிசையில் இடம் பிடிக்கும் காலத்தில் வாய்ப்பே தரப்படாதவர்களின் படங்கள் அரை நூற்றாண்டு பிந்தி வந்து போட்டியிடுகின்றன.

ஆகவே 'நிலைபெற்ற கிறிஸ்துமஸ் படம்' என்பதே என் பரிந்துரை. 'வழிவழிப் படம்' என்பதும் அழகுதான். ஆனால் மரபுக் கதையைப் படமாக்கியது என்று மயங்க இடமுண்டு. 'நிலைபெற்ற' என்பதில் 'பெறு' என்ற வினை இருப்பதால், கொடுத்தவர் யார், கொடாதவர் யார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. 'இது ஒரு கிளாசிக்' என்று தனியே பெயர்ச்சொல்லாக வருமிடத்தில் இது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே 'கிளாசிக்' என்றே எழுதிவிடலாம். தூய தமிழ் என்ற பெயரில் பொருளைத் திரிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.