குடியை ஒரே நாளில் நிறுத்துவது ஏன் ஆபத்து?

கார்த்திகை பிறந்ததும் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பலர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர்களும் அவர்களில் உண்டு. மாலை ஏறிய அன்றே குடியை விட்டுவிடும் அவர்களது மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் உடல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை.

மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. குளூட்டமேட் அவற்றைத் தூண்டுகிறது. மது காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டை அடக்குகிறது. இது தினமும் நடந்தால் மூளை தன்னை மாற்றிக்கொள்ளும். காபாவை வாங்கிக்கொள்ளும் நரம்பணுப் பகுதிகளான காபா ஏற்பிகள் மந்தமாகும், குளூட்டமேட் ஏற்பிகள் பெருகும். மதகுப் பலகையை இறக்கிவைத்தால் பின்னால் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகுமே, அப்படி. பலகையை ஒரேயடியாகப் பிடுங்கினால் கரை தாங்காது.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் கடந்ததிலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. அதன்பிறகு, பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களுக்குள், ஒரு சிறு பகுதியினருக்குக் கடும் மனக்குழப்பம் வரும். இடம், நேரம் தெரியாது. சுவரில் இல்லாத பூச்சிகள் ஊரும். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரையே பறிக்கலாம். சாமி குற்றம், பேய் பிடித்துவிட்டது என்று எண்ணிக் குணசீலம் போன்ற தலங்களுக்கு அழைத்துச் செல்பவர்கள் உண்டு. வேண்டுதல் காத்திருக்கும், இந்தக் குழப்பத்துக்கு மருத்துவம் சில மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் நாடித்துடிப்பை அளக்கிறார்கள். நடுக்கம், வியர்வை, பதற்றம் போன்ற 10 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு கொடுக்கிறார்கள். மதுவைப் போலவே இவையும் காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன; உடலில் நெடுநேரம் தங்கி மெல்லக் குறைகின்றன. கல்லீரல் கெட்டவர்களுக்கு லோராசிபாம் பொருத்தம். அளவைப் படிப்படியாகக் குறைத்து, பொதுவாக ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். இந்த மாத்திரைகளுக்கும் அடிமையாக முடியும் என்பதால் கடையில் தானாக வாங்கிப் போடுவது தவறு.

நம் ஊரில் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. களைத்துக் கிடப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம்புகிறோம். நெடுநாள் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் வைட்டமின் பி1 ஆகிய தயமினை உடல் உறிஞ்சுவதை மது கெடுக்கிறது. புழுங்கல் அரிசியில் அது பச்சரிசியைவிட அதிகம்தான், ஆனால் இவருக்கு அது போதாது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். இருக்கும் கொஞ்சமும் அதில் செலவானால் கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு கலங்கும். கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்த நோய் இது. அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர் தயமின் ஊசியைப் போட்டுவிட்டு, அல்லது அதோடு சேர்த்தே, குளுக்கோஸ் ஏற்றுகிறார். தாமதமானால் மறதி நிரந்தரமாகிவிடக்கூடும்.

ஹெராயின், அபின் வகை வலி மாத்திரை போன்றவற்றை நிறுத்தும்போது வரும் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி மிகக் கொடியவை. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. புப்ரினார்பின் என்ற மருந்து அதைத் தணிக்கும். நிறுத்தியபின் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் சாவு நேரலாம். உடலின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும்.

மதுவிலும் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குபவருக்கு அடுத்தமுறை வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே ஒருமுறை நிறுத்தும்போதே ஆலோசனையும் பின்சிகிச்சையும் சேர வேண்டும். சுவரொட்டியில் பார்த்து, தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் என்ற குடி நிறுத்த மருந்து கலந்திருந்து அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

வண்டியில் விழுந்து கால் முறிந்து சேர்க்கப்பட்டவருக்கு மூன்றாம் நாள் வார்டில் மனம் குழம்புவதற்கும் இதே மது நிறுத்தம் காரணமாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்பதைச் சேர்க்கும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108.