டவர் போட்டாச்சு, சரி. இணையம் வந்ததா?

இணையம் இல்லாத ஊர்களுக்கு அதைக் கொண்டுபோகும் திட்ட அறிக்கை ஒன்று மறுபடியும் கருத்துக் கேட்டு வந்திருக்கிறது. நாடு வேறு, பணம் கொடுப்பவர் வேறு, உள்ளே இருப்பது மட்டும் அதேதான்: இத்தனை டவர், இத்தனை டேப்லெட், அப்புறம் "முழு இணைப்பு". நெட்வொர்க் திட்டமிடல் வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கொஞ்சம் கத்திவிடுகிறேன்.

சிக்னல் போய்ச் சேர்ந்தால் மக்கள் தானாக இணையத்துக்கு வந்துவிடுவார்கள் என்ற நினைப்பை எங்கள் ஆட்களிடமிருந்தே பிடுங்க முடியவில்லை. மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மொபைல் பிராட்பேண்ட் சிக்னலே எட்டாத இடத்தில் இருப்பவர்கள் உலக மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதம், அதாவது 35 கோடிப் பேர். சிக்னல் இருந்தும் மொபைல் இணையம் பயன்படுத்தாதவர்கள் 39 சதவீதம், 310 கோடிப் பேர்! குழந்தைகளும் இதில் அடக்கம்தான், இருந்தாலும் டவர் நிழலில் இருந்துகொண்டே இணையத்துக்கு வெளியே நிற்பவர்கள், டவர் எட்டாதவர்களைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இனியும் டவர் கணக்கு மட்டும் காட்டினால் என்ன சொல்வது?

இதைச் சொன்னதும் அடுத்த வசனம் தயாராக இருக்கும்: "அந்த மக்களுக்கு ஆர்வம் இல்லை சார்." எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மியான்மரில் ஒரு காலத்தில் ஒரு சிம் கார்டு வாங்கவே நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். 2014-இல் போட்டி நிறுவனங்கள் உள்ளே வந்தன, சிம் 1,500 கியாட்டுக்கு, அதாவது ஒன்றரை டாலர் அளவுக்கு இறங்கியது, வாங்க ஆட்கள் குவிந்தார்கள். அதுவரை இல்லாத ஆர்வமா திடீரென்று முளைத்தது? கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா சாதாரண பட்டன் ஃபோனிலேயே பணம் அனுப்ப வைத்தது, இணையமே தேவைப்படவில்லை. பயன் கண்ணுக்குத் தெரிந்து, கைக்கு எட்டும் விலையில் இருந்தால் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. தலைகீழாகவும் நடக்கும். உகாண்டா அரசு 2018-இல் சமூக வலைத்தளம் பார்க்க நாளுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது, இணையப் பயனர்கள் குறைந்தார்கள். 2021-இல் அதை எடுத்துவிட்டு டேட்டாவுக்கே 12 சதவீதம் வரி போட்டார்கள். அங்கேயும் ஆர்வம் இல்லையென்று எழுதுவீர்களா?

கடற்கரை இல்லாத நாடுகளின் கதை தனி. நாடுகளுக்கிடையே இணையத்தைச் சுமக்கும் கடலடி கேபிளைத் தொட பக்கத்து நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. தீவு நாடுகளுக்கு வேறு தலைவலி. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் வெளிநாட்டு கேபிள் அறுந்தது, சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. டவருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையோ யாரும் எழுதுவதே இல்லை. மின்கம்பி இணைப்பு (கிரிட்) இல்லாத இடத்தில் டீசல் ஜெனரேட்டர்தான். டீசலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு செலவு, பேட்டரி திருடு போவது இன்னொன்று. (சிக்னல் எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் அந்த இடம் பச்சையாகத்தான் இருக்கும், டவர் பாதி நாள் தூங்கினாலும்.)

அப்புறம் அந்தக் கைபேசி. குடும்பத்துக்கு ஒன்று, அது கணவர் சட்டைப்பையில். மனைவி பெயரில் கணக்கு இருக்கும், ஓடிபி போவது கணவர் எண்ணுக்கு, அவரோ வேலைக்குப் போயிருப்பார். மெமரி நிரம்பியிருக்கும், ஆப் அப்டேட் கேட்டு நிற்கும், அப்டேட் செய்தால் அந்த வார டேட்டா காலி. எங்கள் புள்ளிவிவரத்தில் இந்த வீடு "இணைக்கப்பட்ட வீடு".

ஆகவே, ஆப் எழுதுகிறவர்களே, உங்கள் கையிலிருக்கும் விலையுயர்ந்த ஃபோனில் சோதித்துப் பார்த்துவிட்டு "நன்றாக ஓடுகிறது" என்று சொல்லாதீர்கள். மலிவான பழைய ஃபோனில், இழுத்து இழுத்து வரும் 2ஜி-யில் ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் முடிகிற வேலைக்கு ஆப் எதற்கு? அந்த ஊர் மொழியில் படிக்கவும் கேட்கவும் வழி வையுங்கள்.

கருவி தானம் செய்பவர்களே, தென் அமெரிக்க நாடான பெருவில் பள்ளிக் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வில் கணக்கு, மொழித் தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை. படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். பழுது பார்க்க, சார்ஜ் போட, ஆசிரியருக்குப் பழக்கிவிட யார் என்று முதலில் கேளுங்கள். திட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள், மாதச் சம்பளத்தில் டேட்டாவுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அடிப்படை பிராட்பேண்டின் மாதக் கட்டணம், தேசிய வருமானத்தில் ஒரு தலைக்கு மாதம் வரும் பங்கில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.நா. பிராட்பேண்ட் கமிஷன் 2018-இலேயே வைத்த இலக்கு. சராசரியைக் காட்டி ஏமாற்றாதீர்கள், அடித்தட்டுக் குடும்பத்துக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

பயிற்சி கொடுக்கப் போகிறவர்களிடம் மட்டும் திட்டாமல் கேட்டுக்கொள்கிறேன். கைபேசியை அவர்கள் கையிலிருந்து வாங்கி நீங்களே படபடவென்று அழுத்திக் காட்டாதீர்கள். நேரமானாலும் பரவாயில்லை, அவர்களே அழுத்தட்டும். பாஸ்வேர்டை அடுத்த வாரம் மறந்துவிட்டு வருவார்கள், அப்போதும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.