இம்யூனோதெரபி எடுக்குறவங்களுக்கு வயித்தால போனா அது புட் பாய்சன்னு விட்டுடாதீங்க

எங்கிட்ட பாக்குற ஒரு பெரியவர், நுரையீரல் கேன்சர், மூணு வாரத்துக்கு ஒருதடவை பெம்ப்ரோலிசுமாப்ங்குற இம்யூனோதெரபி மருந்தை ஏத்திக்கிறார். அஞ்சு நாளா வயித்தால போகுது, தினம் ஏழெட்டு தடவை, கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலன்னு அவரே முடிவு பண்ணி மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு அப்புறம் பக்கத்து கிளினிக் போயிருக்கார், அங்க "கீமோ எடுக்குறீங்களா"ன்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டார். பொய் சொல்லல, அது கீமோ இல்லதான், உடம்போட எதிர்ப்புச் செல்லுக்கு இருக்குற பிரேக்கை எடுத்து விடுற மருந்து. சிக்கலே அங்கதான்.

நோயோட சண்டை போடுற வெள்ளை அணுல ஒரு வகையான டி செல் முழுசா கிளம்பணும்னா அது மேல இருக்குற சிடி28ங்குற ரிசெப்டர் (சிக்னலை வாங்குற புரோட்டீன்) எதிர்ல நிக்கிற செல்லோட பி7 புரோட்டீனைப் பிடிக்கணும். கிளம்பின அப்புறம் அதே டி செல் பிரேக் மாதிரி சிடிஎல்ஏ-4ன்னு இன்னொரு ரிசெப்டரை வெளிய கொண்டு வரும், அதுவும் பி7-ஐத்தான் பிடிக்கும், ஆனா ரொம்ப இறுக்கமா, பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிச்ச மாதிரி, சிடி28-க்கு உக்கார இடம் இருக்காது. டி செல் மேல இருக்குற இன்னொரு பிரேக் பிடி-1 (பெம்ப்ரோலிசுமாப் தடுக்குறது இதைத்தான்), அதோட வேலை வேற மாதிரி. வேற செல் மேல இருக்குற பிடி-எல்1ங்குற புரோட்டீன் வந்து தொட்டதும் உள்ள ஷிப்-2ங்குற என்சைமை இழுத்துக்கும், அது சிக்னல் புரோட்டீன்ல ஒட்டியிருக்குற பாஸ்பேட்டைக் கழட்டி விட்டுடும், சிக்னல் அடங்கிடும். இந்த பிரேக் எவ்ளோ முக்கியம்னா, சிடிஎல்ஏ-4 ஜீன் இல்லாத எலிக்குட்டி மூணு நாலு வாரத்துல செத்துடுது, கிருமியால இல்ல, அதோட சொந்த டி செல்லே இதயம், கணையம்னு புகுந்து அழிச்சிடுது.

கேன்சர் செல் பிடி-எல்1-ஐக் காட்டி இதே பிரேக்கைத்தான் மிதிக்குது. அதை எடுத்து விடலாம்னு வழி காட்டினதுக்குத்தான் ஆலிசன், ஹோஞ்சோங்குற ரெண்டு விஞ்ஞானிகளுக்கு 2018ல நோபல். ஆனா டிரிப்ல போற மருந்து கட்டிக்கு மட்டும் போகாதே, உடம்பு பூரா இருக்குற டி செல்லுக்கும் பிரேக் போயிடும். குடல்ல ஏறினா பேதி, நுரையீரல்னா வறட்டு இருமல், மூச்சு வாங்குறது, தைராய்டு, பிட்யூட்டரி மாதிரி ஹார்மோன் சுரப்பினா சும்மாவே அசதி, அபூர்வமா இதயம், அதுதான் எங்களுக்கு பயம். (இதோட இம்யூனிட்டி பூஸ்டர் பொடி வேற சேர்த்துக்கலாமான்னு வாரம் ஒருத்தர் கேக்குறாங்க.)

இதுக்கு வெறும் ஆன்டிபயாட்டிக் கேக்காது. இன்பெக்ஷன் இல்லன்னு பாத்துட்டு, இம்யூனோதெரபி மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து வாரக்கணக்குல மெதுவா குறைப்போம். பேதியை நிறுத்துற மாத்திரையைப் போட்டு நாளைக் கடத்தினா குடல்ல ஓட்டையே விழலாம். இன்னொண்ணு, மருந்து ரிசெப்டர்ல மாசக்கணக்கா ஒட்டிட்டு இருக்கும், கடைசி டோஸ் முடிஞ்சு பல மாசம் கழிச்சுகூட இதெல்லாம் வரலாம்.

பெரியவர் இப்ப தேவலாம். மருந்து பேரை எழுதி சட்டைப் பையில வச்சிருக்கார், எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டர்னாலும், முதல்ல அதைத்தான் எடுத்து நீட்டுறாராம்.