மாத்திரைக்கு முன் ஒரு ஸ்கேன்: ஃபுளோரைடு மண்ணில் எலும்பை அளப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் முதுகு வலி என்று மருத்துவரிடம் போய், வாரத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) மாத்திரைக்கான சீட்டோடு திரும்புவது இப்போது புதுமையன்று. அந்தச் சீட்டுக்கு ஆதாரமாகச் சில நேரங்களில் ஒரு சாதாரண எக்ஸ்ரே மட்டுமே இருக்கிறது. வேறு சில நேரங்களில், இலவச முகாமில் குதிகாலை ஒரு சிறு கருவிக்குள் வைத்துப் பார்த்துக் கொடுத்த துண்டுச் சீட்டு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடரப்போகும் மருந்துக்கு இவை போதாது. ஆகவே, "டாக்டர், மாத்திரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாங்களா?" என்று நோயாளி கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆனால் இவ்விரு மாவட்டங்களிலும் ஸ்கேன் எடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதில் வரும் எண்ணை, அந்த உடல் இத்தனை காலம் குடித்த ஃபுளோரைடு கலந்த தண்ணீரோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எக்ஸ்ரே ஏன் போதாது என்பதைப் பார்ப்போம். எலும்பில் உள்ள தாது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரே படத்தில் மெலிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. அதற்கு முன்பு படத்தின் வெளுப்பும் கறுப்பும், படம் எடுத்தவர் வைத்த அளவையும் நோயாளியின் உடல் பருமனையும் பொறுத்தே மாறுகின்றன. மூட்டுக் குருத்தெலும்பின் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் அது வேறு நோய். அதற்கு எலும்புப்புரை மாத்திரை மருந்தாகாது. குதிகால் கருவியோ எக்ஸ்ரேயைப் பயன்படுத்துவதே இல்லை. ஒலியலை எலும்பின் வழியே எவ்வளவு வேகமாகச் செல்கிறது, எவ்வளவு மங்குகிறது என்பதையே அது அளக்கிறது. யாரை மேற்கொண்டு சோதிக்கலாம் என்று சலித்தெடுக்க அது உதவலாம். ஆனால் உலக சுகாதார அமைப்பு 1994-இல் வகுத்த எலும்புப்புரை வரையறையை அந்தச் சீட்டில் உள்ள எண்ணுக்குப் பொருத்த முடியாது. அந்த வரையறை, டெக்ஸா என்று அழைக்கப்படும் இரட்டை ஆற்றல் எக்ஸ்ரே ஸ்கேனில் இடுப்பு, முதுகெலும்பு, முன்கை ஆகிய இடங்களில் எடுத்த அளவுகளுக்கே உரியது.

டெக்ஸாவின் அடிப்படை, ஒரு சிறிய இயற்கணிதக் கணக்கு. எக்ஸ்ரே உடலின் வழியே செல்லும்போது எலும்பும் அதை மங்கச் செய்கிறது, சுற்றியுள்ள தசையும் கொழுப்பும் மங்கச் செய்கின்றன. ஒரே ஆற்றலில் எடுத்தால், மங்கியதில் எலும்பின் பங்கு எவ்வளவு, சதையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. தெரியாத அளவுகள் இரண்டு, சமன்பாடோ ஒன்றுதான். ஆகவே ஏறத்தாழ 40, 70 கிலோ எலக்ட்ரான் வோல்ட் போன்ற இரு வேறு ஆற்றல்களில் கதிரைச் செலுத்துகிறார்கள். குறைந்த ஆற்றலில், கால்சியம் போன்ற அணு எண் கூடிய தனிமங்கள் கதிரை மிகுதியாக உறிஞ்சுகின்றன. ஆற்றல் கூடும்போது அந்த உறிஞ்சல் வேகமாகச் சரிகிறது. சதையில் உள்ள ஆக்சிஜன், கார்பன் போன்ற எளிய அணுக்களிடம் இந்த வேறுபாடு குறைவு. இரண்டு ஆற்றல்களுக்கு இரண்டு சமன்பாடுகள் கிடைத்துவிடுவதால், சதையின் பங்கைக் கழித்துவிட்டு எலும்புத் தாதுவின் பங்கை மட்டும் கருவி கணக்கிட்டுத் தருகிறது. 1963-இல் கேமரன், சோரென்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அயோடின் ஐசோடோப்பின் ஒற்றைக் கதிரைக் கொண்டு முன்கை எலும்பை அளந்ததில் தொடங்கிய இந்த முறை, 1980-களின் இறுதியில் எக்ஸ்ரே குழாயோடு கூடிய இன்றைய வடிவத்தை அடைந்தது. இதில் உடலில் படும் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட் அளவே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓரிரு நாளில் நம்மீது இயல்பாகப் படும் கதிர்வீச்சுக்கு இது ஏறத்தாழச் சமம். ஸ்கேன் என்றதும் கதிரை நினைத்துத் தயங்குபவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

கருவி தருவது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு எத்தனை கிராம் தாது என்ற கணக்கு. இது உண்மையான அடர்த்தியன்று. எலும்பின் தடிமன் இந்தக் கணக்கில் வருவதில்லை. கிருஷ்ணகிரி மண்டியில் ஆழமான மாம்பழக் கூடையையும் ஆழமற்ற கூடையையும் வைத்து, மொத்த எடையை வாயின் பரப்பால் மட்டும் வகுத்தால், இரண்டிலும் ஒரே பழம் ஒரே நெருக்கத்தில் இருந்தாலும் ஆழமான கூடைக்கே பெரிய எண் கிடைக்கும். சிற்றுடல் கொண்ட நம் பெண்களின் எலும்பும் சிறியது என்பதால், அதன் எண் இயல்பாகவே சற்றுக் குறைவாக வருவதுண்டு. அந்தக் குறைவு முழுவதும் நோயென்று ஆகாது.

அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது டி-ஸ்கோர். ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியிலிருந்து நம் அளவு எத்தனை திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் பரவியிருக்கும் வீச்சின் அலகு) தள்ளியிருக்கிறது என்பதே அது. ஹோலாஜிக் வகைக் கருவியில் தொடை எலும்புக் கழுத்துக்கான இளம் வெள்ளையினப் பெண்களின் சராசரி 0.858, திட்டவிலக்கம் 0.120. ஒருவருக்கு 0.618 வந்தால் குறைவு 0.240, அதை 0.120-ஆல் வகுத்தால் டி-ஸ்கோர் −2.0. மைனஸ் 1-உம் அதற்கு மேலும் இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டது எலும்பு மெலிவு, மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. இந்த ஒப்பீடு மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஐம்பது வயது கடந்த ஆண்களுக்குமே பொருந்தும். அதற்குக் குறைந்த வயதினருக்கு, தம் வயதொத்தவர்களோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரையே பார்க்க வேண்டும். நாற்பது வயதுப் பெண் ஒருவரின் டி-ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதுவது முறையாகாது.

இனி தண்ணீருக்கு வருவோம். இவ்விரு மாவட்டங்களின் அடித்தளம் சார்னகைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறை. அதிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் முதலான கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. மழை குறைந்த நிலம் என்பதால் நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த வரம்பைத் தாண்டிய கிணறுகள் இங்கு ஏராளமாக இருந்ததால்தான், ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 'ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதிக்கும் நோய்) தணிப்புத் திட்டம்' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு வந்தது. காவிரி நீர் 2013-இல் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. உடலில் தங்கும் ஃபுளோரைடில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது.

எலும்புத் தாதுவில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஃபுளோரைடு அமர்ந்துகொள்கிறது. அதோடு எலும்பைக் கட்டும் செல்களையும் தூண்டிவிடுகிறது. விளைவாக முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் புதிய எலும்பு கூடுதலாகப் படிகிறது, தசைநார்கள் கூடச் சுண்ணமாகின்றன. ஸ்கேனில் இவையெல்லாம் சேர்ந்து பெரிய எண்ணாக வருகின்றன. ஆனால் அப்படிப் படிந்த எலும்பு ஒழுங்காக அடுக்கப்பட்டதன்று. எண்ணுக்கேற்ற உறுதி அதற்கு இல்லை. இது வெறும் ஊகமும் அன்று. ஒரு காலத்தில் சோடியம் ஃபுளோரைடையே எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் ரிக்ஸ் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நான்கு ஆண்டுகள் நாளுக்கு 75 மில்லிகிராம் உட்கொண்ட பெண்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 35 விழுக்காடு கூடியது. முன்கை எலும்பின் அடர்த்தி 4 விழுக்காடு குறைந்தது. முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவுகளோ மருந்தில்லாக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தன. எண் உயர்ந்தும் எலும்பு முறிந்த அந்த ஆய்வை, இப்பகுதியில் ஸ்கேன் அறிக்கை படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பென்னாகரம் பக்கத்தில் அறுபத்திரண்டு வயது அம்மா ஒருவரின் அறிக்கை இப்படி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம்: முதுகெலும்பில் டி-ஸ்கோர் +1.8, தொடை எலும்புக் கழுத்தில் −1.9, முன்கையில் −2.7. முதுகெலும்பை மட்டும் எடுத்திருந்தால், "உங்க எலும்பு இரும்பு மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இடங்களுக்கிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு வந்தால் காரணம் தேடியாக வேண்டும். ஃபுளோரைடு மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் முள் போன்ற எலும்பு, வயிற்றுப் பெருந்தமனியில் படியும் சுண்ணம், ஏற்கெனவே நொறுங்கி அமுங்கிய எலும்பு ஆகியவையும் அந்த இடத்தின் எண்ணை ஏற்றிவிடும். எனவே இங்கு ஸ்கேன் கேட்பவர்கள் முதுகெலும்போடு இடுப்பையும் முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலான சவ்வு சுண்ணமாகியிருப்பது சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். எலும்பு ஃபுளோரோசிஸின் நம்பகமான அடையாளங்களுள் அதுவும் ஒன்று. பல்லைப் பார்த்து முடிவு செய்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல்லில் பழுப்புக் கறை, பல் உருவாகும் சிறு வயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்கே வரும். வேறு மாவட்டத்தில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணின் பல் வெள்ளையாக இருந்தாலும் எலும்பில் ஃபுளோரைடு நிறைந்திருக்கலாம்.

எண் குறைவாக வந்தாலும் உடனே மாத்திரைதான் என்று ஆகிவிடாது. வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவிலும் டெக்ஸா எண் இதே போலத்தான் குறையும். இரண்டையும் பிரித்துக் காட்டும் திறன் அந்தக் கருவிக்கு இல்லை. கால்சியம் குறைந்த உணவும் ஃபுளோரைடும் சேரும்போது இந்த மென்மையாதல் இன்னும் எளிதாக வரும். நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் கொண்ட கேழ்வரகைக் களியாகத் தின்று வளர்ந்த ஊரில், ரேஷன் அரிசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கலாம். அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள் எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்குபவை. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்யாமல், குறிப்பாக ஊசி வடிவில், அவற்றைக் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். ஆகவே கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், வைட்டமின் டி, கிரியேட்டினின் ஆகிய இரத்தப் பரிசோதனைகள் ஸ்கேனுக்கு இணையான தேவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்குபவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மாற்று மருந்தின்றி அதைப் பாதியில் நிறுத்தினால் எலும்பு இழப்பு மீண்டும் வேகமெடுத்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியும் ஆபத்து உண்டு.

ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாத நேரங்களும் உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்தோ, குடத்தைத் தூக்கியதற்கோ இடுப்பு எலும்பு அல்லது முதுகெலும்பு முறிந்திருந்தால், புற்றுநோய் போன்ற வேறு காரணம் இல்லை என்று தெரிந்த நிலையில், அந்த முறிவே எலும்புப்புரைக்குப் போதிய சான்று. டி-ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சிகிச்சை தேவை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் அளவுகோல் வேறு. அத்தகையவர்கள் "ஸ்கேன் எடுக்கச் சேலம் போகணும், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று காலம் கடத்துவது, மறு முறிவுக்கு இடம் கொடுப்பதாகும்.

ஸ்கேன் நாளில் காலையில் கால்சியம் மாத்திரையை விழுங்கக் கூடாது. கரையாத மாத்திரை முதுகெலும்பின் மேல் நின்று எண்ணை மாற்றிவிடும். வெள்ளி அரைஞாண், சேலைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு, பாவாடையின் உலோகக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இடுப்பை எடுக்கும்போது காலை உட்புறமாகத் திருப்பி ஒரு தாங்கியில் கட்டுவார்கள். தொடை எலும்புக் கழுத்து முழு நீளத்துக்கும் தெரிவதற்காகச் செய்வது அது, கால் நழுவி வெளியே திரும்பினால் அளவு பிழைபடும். அறிக்கையைப் படத்தோடு வாங்கி, கருவியின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பதால், ஓரிரு ஆண்டு கழித்து எடுக்கும் அடுத்த ஸ்கேன் கூடுமானவரை அதே கருவியில் அமைய வேண்டும். அப்போதும் 2 அல்லது 3 விழுக்காடு ஏற்ற இறக்கம் கருவியின் இயல்பான பிசகாகவே இருக்கலாம். ஏறத்தாழ 5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்றோ எலும்பு மேலும் கரைகிறது என்றோ பேச முடியும்.