கிளிமஞ்சாரோவில் மறைக்கப்படும் தலைவலி

கிளிமஞ்சாரோ ஏறிவிட்டு வருகிறவர்கள் என் எதிரே வந்து உட்கார்ந்ததும் முதலில் காட்டுவது ஒரு படம்தான். உஹுரு உச்சியில் நிற்கும் மரப்பலகை, அதில் 5,895 மீட்டர் என்ற எழுத்து, அதன் முன்னால் கண் வீங்கி, உதடு வெடித்து, அப்படியும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு முகம். படத்தைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டுவிட்டு, அப்புறம் ஒரு கேள்வி கேட்பேன். "தலைவலி எந்த நாள் ஆரம்பிச்சுது?"

பெரும்பாலும் யோசிக்காமலே பதில் வரும். "மூணாவது நாளே டாக்டர்."

"வழிகாட்டிகிட்ட சொன்னீங்களா?"

இங்கேதான் பேச்சு நிற்கும். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சொன்னா கீழ இறக்கிடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்பார்கள்.

உயரமான மலைகளுக்குப் போகிறவர்களுக்குப் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. இத்தனை வருடங்களில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த மறைக்கும் பழக்கம்தான். தலைவலி வந்தவர்களைப் பற்றி நான் அவ்வளவு பயப்படுவதில்லை. அந்த உயரத்தில் அது நிறையப் பேருக்கு வரும்; உடம்பு உயரத்துக்குப் பழகாததால் வரும் உயர நோயின் ஆரம்ப அறிகுறி அது. வந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த முகாமுக்கு ஏறுகிறவர்களை நினைத்தால்தான் பயம்.

கிளிமஞ்சாரோவில் இது அதிகம் நடக்க ஒரு காரணம் உண்டு. 1889-ல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதன்முதலாக உச்சியைத் தொட்டபோது பனிப்பாறையில் படி வெட்டி ஏற வேண்டியிருந்தது. இன்றைக்கு வழக்கமான பாதைகளில் கயிறும் வேண்டாம், பனிக்கோடரியும் வேண்டாம். பெட்டி படுக்கையைச் சுமப்பதற்கு ஆள் உண்டு, சமைத்துப் போட ஆள் உண்டு. நடக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் தான்சானியாவுக்குப் போகிறார்கள். கால்களைப் பொறுத்தவரை அது ஓரளவு சரிதான். ஆனால் 1,800 மீட்டர் அளவில் மழைக்காட்டுக்குள் தொடங்கும் நடை, ஐந்தாறு நாளில் பனியாறுகளின் ஓரத்தில் போய் முடிகிறது. அந்த வேகத்துக்கு நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் ஈடுகொடுக்க வேண்டுமே.

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். விகிதம் மாறுவதில்லை, அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். உச்சியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதாவது ஒரு மூச்சு இழுத்தால் கீழே கிடைப்பதில் பாதி ஆக்சிஜன்தான் உள்ளே வரும். உடனே உடம்பு வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். அப்படி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதைக் கண்ட மூளை, "போதும், மெதுவாக மூச்சு விடு" என்று கடிவாளத்தை இழுக்கும். காரத்தன்மை தரும் பைகார்பனேட் என்ற உப்பைச் சிறுநீரகம் கூடுதலாகச் சிறுநீரில் வெளியேற்றினால்தான் அந்தக் கடிவாளம் தளரும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

இந்த இழுபறி நன்றாகத் தெரிவது ராத்திரியில்தான். கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பெரிது பெரிதாக நாலைந்து மூச்சு வாங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடுவார். நீங்கள் பதறி எழுந்து கையை மூக்கருகில் கொண்டு போவதற்குள் மறுபடி திணறி இழுப்பார். கூட வந்த கணவரோ மனைவியோ விடிய விடியத் தூங்காமல் காவல் காத்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். பகலில் அவர் நன்றாக இருந்தால் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, உயரத்தில் தூக்கம் அப்படித்தான் இருக்கும். அதற்காகத் தூக்க மாத்திரையோ மதுவோ எடுப்பதுதான் ஆபத்து. இரண்டுமே மூச்சை இன்னும் மந்தப்படுத்தும்.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் கணக்குக்கு எடுப்பது படுக்கும் இடத்தைத்தான்.

இப்போது மராங்கு பாதையைப் பாருங்கள். கூடாரம் அடிக்காமல் குடிசைகளில் படுத்துப் போகலாம் என்பதால் பலருக்கும் இது பிடிக்கும். முதல் இரவு மந்தாரா, 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ, 4,720. ஒவ்வொரு இரவும் ஆயிரம் மீட்டர். கிபோவில் முழு இரவுகூடக் கிடையாது, நள்ளிரவில் எழுப்பி உச்சிக்குக் கூட்டிப் போவார்கள். ஐந்து நாள் திட்டம் என்று விற்கப்படுவது இதுதான். செலவும் விடுப்பும் மிச்சம் என்று அதைத்தான் பலர் எடுக்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: ஐந்து நாளில் கிளிமஞ்சாரோ ஏற வேண்டாம். குறைந்தது ஹொரொம்போவில் இன்னொரு இரவு தங்குங்கள். அந்த நாளில் வரிக்குதிரைப் பாறை வரை, கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்கு, நடந்துவிட்டு ஹொரொம்போவுக்கே திரும்பித் தூங்கலாம்.

மச்சாமே பாதை இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. முதல் இரவு 3,000 மீட்டரை ஒட்டி, அடுத்தது ஷிராவில் 3,800 சொச்சம். மூன்றாம் நாள் லாவா கோபுரம் வரை, சுமார் 4,600 மீட்டருக்கு ஏற்றிவிட்டு, அன்று மாலையே 4,000-க்குக் கீழே இருக்கும் பராங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். "ஏறினதையெல்லாம் எதுக்கு டாக்டர் மறுபடி இறக்குறாங்க?" என்று ஒருவர் எரிச்சலோடு கேட்டார். அந்தப் பாதையில் உங்களுக்காகச் செய்யப்படும் நல்ல காரியமே அதுதான் என்றேன். உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு, தாழ்ந்த இடத்தில் தூங்கவைக்கிறார்கள். ஆனாலும் இந்தப் பாதையை ஆறு நாளில் முடிப்பதைவிட ஏழு நாள் நல்லது.

"நான் மாரத்தான் ஓடுறவன், எனக்கு வராது" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. உடல்வலு உயர நோயிலிருந்து காப்பாற்றாது. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவாவைத் தெரியாதவர்கள் குறைவு. 2010 டிசம்பரில் அவர் கிளிமஞ்சாரோ ஏறப் போனார். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நுரையீரலில் நீர் கோர்த்துக்கொண்டு, சுமை தூக்குபவர்கள் அவரைக் கீழே கொண்டுவர வேண்டியதாயிற்று. நைரோபியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவரை மீறிய உடற்பயிற்சி நம்மில் யாருக்கு இருக்கிறது? சொல்லப்போனால் வலுவானவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. கால் தாங்குவதால் வேகமாக ஏறிவிடுவார்கள், உடம்பு பின்தங்கிவிடும். "போலே போலே" என்று வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டே வருவது அதனால்தான். ஸ்வாஹிலியில் அதற்கு "மெல்ல மெல்ல" என்று அர்த்தம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

சரி, தலைவலி வந்துவிட்டது. என்ன செய்வது? தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் இதில் ஏதாவது சேர்ந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "வெயில்தான் காரணம்", "தண்ணி கம்மியாக் குடிச்சேன்" என்று சமாதானம் தேட வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போடலாம், தப்பில்லை. ஆனால் அறிகுறிகள் போகும்வரை இன்னும் மேலே போய்த் தூங்கக் கூடாது. ஒரு நாள் தங்கினால் பலருக்குச் சரியாகிவிடும். தங்கியும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும்.

இதற்கு அடுத்த கட்டத்தில் இரண்டு ஆபத்துகள். ஒன்று மூளை வீக்கம். ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பராஃபு முகாம், 4,600 மீட்டருக்கு மேல். உச்சிக்குக் கிளம்ப இரவு பதினோரு மணிக்கு எல்லோரையும் எழுப்பியிருக்கிறார்கள். இவருக்கு இரண்டு நாளாகத் தலைவலி, யாரிடமும் சொல்லவில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கையுறை போட்டுக்கொண்டிருந்தவர் இடது கையுறையை வலது கையில் போட முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். வரவில்லை, கழற்றுகிறார், மறுபடி அதே கையில் போடுகிறார். பக்கத்தில் இருந்த நண்பர் முதலில் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருக்கிறார். வழிகாட்டி மட்டும் வந்து பார்த்துவிட்டு, ஒரு காலின் விரல் நுனியை அடுத்த காலின் குதிகால் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் இவர் பக்கவாட்டில் சாய்ந்தார். அந்த நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள். விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வழிகாட்டியும் காத்திருக்கவில்லை. ஒற்றைச் சக்கரம் வைத்த தூக்குப்படுக்கையில் கட்டி, ஆறு பேர் மாற்றி மாற்றிப் பிடித்து, அந்த இருட்டிலேயே இறக்கினார்கள். 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாம் வந்தபோது தன் பெயரைச் சரியாகச் சொன்னாராம். கையுறை விஷயம் இன்றுவரை அவருக்கு நினைவில் இல்லை.

இன்னொன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது. இதற்குத் தலைவலி முன்னால் வர வேண்டும் என்றுகூட இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், கூட்டத்தில் நேற்றுவரை முன்னால் போனவர் இன்று காரணமில்லாமல் கடைசியில் வருவார். உதடு நீலம் பாயும், சளியில் நுரையும் ரத்தமும் தெரியும் என்பதெல்லாம் முற்றிய நிலை. அதுவரை காத்திருக்கக் கூடாது. உயரத்தில் சாவு அதிகம் நேர்வது இதனால்தான். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே இறக்க வேண்டும்.

மாத்திரை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அசெட்டசோலமைடு, டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். நான் முன்பு சொன்ன சிறுநீரக வேலையை இது விரைவுபடுத்துகிறது. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா குடித்தால் ருசி கெட்டிருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இது நோயை மூடி மறைக்கும் மருந்து என்ற வதந்தி ஒன்று உலவுகிறது, அதை நம்ப வேண்டாம். மறைக்கக் கூடியது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. மூளை வீங்கியவரை இறக்குவதற்காக அதைப் பையில் வைத்திருப்பார்கள். அதைப் போட்டுத் தலைவலியை அமுக்கிவிட்டு உச்சிக்குக் கிளம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். மருந்தின் வேகம் மேலே இருக்கும்போதே தீர்ந்தால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி குடித்தால் போதும். லிட்டர் கணக்கில் குடித்தால் உயர நோய் வராது என்பது தவறு, அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். குளிரில் விரல் விறைத்திருந்தால் தப்பான எண் காட்டும். எண் நன்றாக இருக்கிறது, ஆள் தள்ளாடுகிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மறைக்கிறவர்களை நான் திட்டுவதில்லை. பல மாதச் சேமிப்பு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்த பேச்சு, கூட வந்தவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கூச்சம், எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிப்போடும். அந்த மலையில் பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. நல்ல வழிகாட்டிகள் காலையும் மாலையும் தலைவலி, பசி, தூக்கம் எல்லாவற்றையும் கேட்பார்கள். நீங்கள் "நல்லா இருக்கேன்" என்றால் அவர் அதை நம்பித்தான் அடுத்த முகாமை முடிவு செய்ய வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே ஒரு விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் மட்டும் இறங்க வேண்டிவந்தால் அவரோடு இறங்கத் தனியாக ஒரு வழிகாட்டி இருக்கிறாரா? இருக்கிறார் என்று தெரிந்தால், நம்மால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடும் என்ற பயம் பாதி போய்விடும். சுமை தூக்குபவர்களையும் கவனியுங்கள். மலையிலேயே பழகியவர்கள்தானே என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கும் இந்த நோய் வரும். வேலை போய்விடும் என்று அவர்கள் உங்களைவிட அதிகமாக மறைப்பார்கள்.

இறங்கி வந்தபின் ஒரு விஷயம். மலைக்கு மேலே மலேரியா இல்லாவிட்டாலும் தான்சானியாவின் தாழ்நிலங்களில் உண்டு. திரும்பி வந்து சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், மலை ஏறிய களைப்பு என்று படுத்துவிடாமல் அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

போன வருடம் ஒரு அம்மா, ஐம்பத்தெட்டு வயது, கிபோ குடிசையிலிருந்தே திரும்பி வந்தார். வாந்தி எடுத்ததும் தானே வழிகாட்டியை எழுப்பிச் சொல்லியிருக்கிறார். ஹொரொம்போ வந்து சேர்ந்ததும் பசித்ததாம், இரண்டு கிண்ணம் சூப் குடித்தாராம். பலகைப் படம் இல்லை என்று என்னிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. இந்த மாதம் மறுபடி வந்தார், கையில் எட்டு நாள் திட்டம். நாங்கள் இருவரும் மேசையில் தாளை விரித்துவைத்து, எந்த இரவு எந்த முகாம், எத்தனை மீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனோம். ஒரு இடத்தில் மட்டும் எழுநூறு மீட்டர் ஏற்றம் இருந்தது. அங்கே இன்னொரு இரவு சேர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.